வெளிநாட்டில் உட்கார்ந்து ஊர்க் கம்பெனிக்கு வேலை: விசா, பெர்மிட், வரி பற்றி செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, பந்தி முடிந்து முகப்பில் வந்து உட்கார்ந்தால் யாராவது ஒரு தம்பி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இதைக் கேட்கிறான். “அண்ணே, கம்பெனி பெங்களூர்ல. சம்பளம் இங்கே பேங்க்லதான் விழுது. கோலாலம்பூர்ல பெரியப்பா வீட்டுல மூணு மாசம் உட்கார்ந்து வேலை பார்த்தா யாருக்கு என்ன நட்டம்?”

நியாயமான கேள்விதான். ஆனால் போகிற நாட்டுக் குடியேற்றத் துறை கேட்பது வேறு: வேலை செய்த நேரத்தில் உன் உடம்பு எந்த மண்ணில் இருந்தது? சம்பளம் எந்த நாட்டிலிருந்து வருகிறது, கிளையன்ட் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் இதற்கு அடுத்த கேள்விகள். கோலாலம்பூரில் சோபாவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தால், மலேசியச் சட்டத்தின் பார்வையில் வேலை நடப்பது மலேசியாவில். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வருகிற எல்லாப் படியும் தானே விளங்கும்.

நான் ஆறு வருஷமாக இப்படித்தான் பிழைக்கிறேன். அதில் பாதிக்கு மேல் வெளியூரில். பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: நீங்கள் எந்த வகை?

இந்தியக் கம்பெனியின் சம்பளக்காரரா, வெளிநாட்டுக் கம்பெனி நேரடியாகச் சம்பளம் போடுகிற ஆளா, பல கிளையன்ட்டுகளுக்கு பில் போடும் ஃப்ரீலான்ஸரா, அல்லது கணவர் அல்லது மனைவியின் விசாவில் கூடப் போகிறவரா? முதலில் இதைத் தீர்மானியுங்கள். ஒருவருக்குச் சரியான பதில் இன்னொருவருக்குத் தப்பாகிவிடும். மாமா மகன் போனான், ஒன்றும் ஆகவில்லை என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மாமா மகன் எந்த வகை என்று கேட்பதே இல்லை.

கூடவே மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒர்க் பெர்மிட் என்பது அந்த நாட்டிலுள்ள ஒரு முதலாளியிடம் வேலை செய்ய. அந்த முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும், வேலை போனால் பெர்மிட்டும் போகும். ரிமோட் விசா என்பது அந்த நாட்டு வேலை எதையும் தொடாமல், வெளியிலிருந்து வரும் சம்பளத்தில் அங்கே வாழ. டூரிஸ்ட் விசா ஊர் சுற்றிப் பார்க்க. விசாவே இல்லாமல் உள்ளே விடுகிறார்கள் என்பதும் டூரிஸ்ட் கணக்கில்தான் சேரும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் விசா இன்றி அனுமதிக்கிறது. அது சுற்றுலாவுக்கும் சொந்தபந்தத்தைப் பார்ப்பதற்கும் கொடுத்த சலுகை. வேலைக்கான அனுமதி அதில் சேரவில்லை.

படி 2: கம்பெனியிடம் சீட்டு வாங்குங்கள்

எங்கள் அப்பத்தாவின் பெட்டகத்தில் ஒரு காகிதம் இருக்கிறது. நான்காக மடித்து மடித்து, மடிப்பில் நூல் நூலாகப் பிரிந்துபோனது. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். எங்கள் பாட்டையா மலேயாவுக்குக் கப்பலேறும் முன் முதலாளிக்கும் அவருக்கும் இடையே எழுதிய சம்பளச் சீட்டு. மூன்று வருஷத் தவணை, இத்தனை ரூபாய் சம்பளம், இவ்வளவு முன்பணம் வீட்டுக்கு. அக்கரைச் சீமைக்கு ஆள் போகும் முன் எல்லாமே எழுத்தில் இருந்தது. இன்றைக்கு நம் பிள்ளைகள் மேனேஜர் சாட்டில் போட்ட ஒரு கட்டைவிரல் படத்தை நம்பி விமானம் ஏறுகிறார்கள்.

நானும் அப்படித்தான் ஏறினேன். மேனேஜர் “நோ பிராப்ளம், எங்கேயிருந்து வேணும்னாலும் பண்ணு” என்றார். போய்ச் சேர்ந்த நாலாம் நாள் காலை லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே போக முடியவில்லை. கடவுச்சொல்லை மூன்று முறை அடித்துப் பார்த்தேன், திரையில் சிவப்பு எழுத்துதான் வந்தது. அனுமதி இல்லாத நாட்டிலிருந்து உள்நுழைவு என்று பாதுகாப்புப் பிரிவு கணக்கையே பூட்டிவிட்டது. மதியம் எச்.ஆரிலிருந்து போன். மேனேஜருக்கு அந்த அனுமதி கொடுக்கவே அதிகாரம் இல்லையாம். 11 நாள் சம்பளம் பிடித்தார்கள், டிக்கெட் மாற்றிய செலவும் என் தலையில். அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. எழுத்தில் கேட்காதது நான்தான்.

கம்பெனி தயங்குவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் ஒரு நாட்டில் நீண்ட நாள் உட்கார்ந்து வேலை பார்த்தால், முக்கியமாக ஒப்பந்தம் பேசி முடிக்கிற வேலை என்றால், உங்கள் கம்பெனிக்கு இங்கே நிலையான தொழிலிடம் இருக்கிறது, லாபத்தில் வரி கட்டு என்று அந்த நாடு கேட்க முடியும். வாடிக்கையாளர் தகவல் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்ற ஒப்பந்தமும் இருக்கலாம். ஆகவே மேனேஜரோடு நிற்காதீர்கள். எச்.ஆரும் பாதுகாப்புப் பிரிவும் சரி சொல்ல வேண்டும்.

கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். எந்த நாடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, உங்கள் பதவி, மாதச் சம்பளம், சம்பளம் அந்த நாட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது, அந்த நாட்டு வாடிக்கையாளர் யாருக்கும் நீங்கள் வேலை செய்யப்போவதில்லை: இவ்வளவும் அதில் இருக்கட்டும். கையெழுத்துப் போடுகிறவரின் பெயர், பதவி, போன் எண்ணும் வேண்டும். தூதரகத்திலிருந்து கூப்பிட்டுச் சரிபார்ப்பது உண்டு. ஃப்ரீலான்ஸர் என்றால் கிளையன்ட் ஒப்பந்தங்கள்தான் உங்கள் சம்பளச் சீட்டு. வாட்ஸ்அப்பில் பேசி முடித்த வேலையை எல்லாம் இரண்டு பக்க ஒப்பந்தமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: நாட்டையும் விசாவையும் பொருத்துங்கள்

நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது மலேசியாதான். திருச்சியில் ஏறினால் நேரே கோலாலம்பூர், சொந்தக்காரர் வீடு, கோயில், சாப்பாடு எல்லாம் உண்டு. அங்கே 2022 அக்டோபரில் டிஇ ராந்தாவ் என்ற ரிமோட் வேலைக்கான பாஸைத் தொடங்கினார்கள். எம்டெக் என்ற அரசு அமைப்பிடம் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். 3 முதல் 12 மாதம் வரை கொடுக்கிறார்கள், இன்னும் 12 மாதம் நீட்டிக்கலாம். சாஃப்ட்வேர், டிஜிட்டல் துறை ஆளுக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர், அதாவது சுமார் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். மற்றத் துறைக்காரர்களுக்கு 2024-இல் கதவு திறந்தது, ஆனால் வரம்பு 60,000 டாலர். கட்டணம் 1,000 ரிங்கிட், கூட வரும் குடும்பத்தினருக்குத் தலைக்கு 500. சென்னை, பெங்களூர் சம்பளத்தில் எட்டக்கூடியது என்று நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

தாய்லாந்து 2024 ஜூலையில் ரிமோட் வேலைக்காரர்களுக்கும் பொருந்தும் டிடிவி விசாவைக் கொண்டுவந்தது. ஐந்து வருஷம் செல்லும், எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம், ஒரு நுழைவுக்கு 180 நாள். மாதச் சம்பள வரம்பைவிட வங்கி இருப்பைத்தான் பார்க்கிறார்கள். 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். நம் பணத்தில் 13 லட்சத்துக்கு மேல். வயது 20 ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க முடியும். தாய் கம்பெனிக்கு வேலை செய்யக்கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை எழுதாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே பெர்மிட் போட்டுத்தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு முடியுங்கள். இப்படிப் போன நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மாரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்தார்கள். 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. ரிமோட் வேலை என்பது இங்கே இருக்கும்போதே உங்கள் கையில் உள்ள வேலை. போய்ச் சேர்ந்த பிறகு கிடைக்கும் வேலைக்கு அந்தப் பெயர் கிடையாது. உள்ளூர் ஏஜென்ட் யாராவது வெளிநாட்டு வேலை பேசினால், அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் அரசுத் தளத்தில் பாருங்கள்.

துபாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தின் ரிமோட் விசா ஒரு வருஷம், புதுப்பிக்கலாம். மாதம் 3,500 டாலர் வருமானம், சுமார் 3 லட்சம் ரூபாய். அங்கே செல்லும் மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

ஐரோப்பாவில் போர்ச்சுகலின் டி8 என்ற ரிமோட் விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப் போல் நான்கு மடங்கு வருமானம் கேட்கிறார்கள். 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ. ஸ்பெயினில் குறைந்தபட்சக் கூலியின் இரு மடங்கு. எஸ்டோனியா 2020 ஆகஸ்டிலேயே டிஜிட்டல் நோமாட் விசா கொண்டுவந்த நாடு. அதன் இ-ரெசிடென்சி வேறு விஷயம். அது ஆன்லைனில் கம்பெனி தொடங்க ஒரு டிஜிட்டல் அடையாள அட்டை மட்டும், அதைக் காட்டி அங்கே குடியிருக்க முடியாது. கட்டணம் கட்டி அந்த அட்டையை வாங்கிவிட்டு விசா எங்கே என்று என்னிடம் கேட்டவர்கள் இரண்டு பேர். ஜப்பான் 2024-இல் ஆறு மாத விசா ஒன்று தொடங்கியது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது கிடையாது, ஆகவே அந்த யூடியூப் வீடியோக்களை விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூரில் ரிமோட் விசா என்று தனியாக ஒன்றும் இல்லை. அங்கே கம்பெனி வேலை கிடைத்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் வாங்குவதுதான் வழி. 2025 ஜனவரியிலிருந்து அதற்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் டாலர், வயது கூடக் கூட இந்த வரம்பும் கூடும், நிதித்துறையில் இன்னும் அதிகம்.

விசிட்டர் விசாவிலேயே கொஞ்சம் இடம் கொடுக்கும் நாடுகளும் உண்டு. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், வந்த நோக்கம் வேறாக இருந்து இடையில் ரிமோட்டாக வேலை பார்த்தால் பரவாயில்லை என்கிறது. மகள் பிரசவத்துக்குப் போன அம்மா அங்கிருந்தே மெயில் பார்ப்பது போல. வேலைதான் முக்கிய நோக்கம் என்றால் கூடாது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் விசிட்டர்களை வெளிநாட்டு முதலாளிக்கு ரிமோட் வேலை செய்ய அனுமதிக்கிறது, 90 நாளைத் தாண்டினால் வரிப் பேச்சு வரும். கனடாவிலும் விசிட்டராக இருக்கும் காலத்தில் வெளிநாட்டு முதலாளிக்கு வேலை செய்யலாம்.

இந்தத் தொகைகள் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் அன்று அந்தந்த அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

படி 4: கல்யாணமாகிக் கூடப் போகிறவர்கள்

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இது. பெண்ணுக்குச் சென்னையில் நல்ல வேலை, மாப்பிள்ளை வெளிநாட்டில். வேலையை விடாமல் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாமா? படித்துச் சம்பாதிக்கிற பெண்ணை வேலையை விடச் சொல்வதற்கு முன் இதை விசாரிப்பது இரண்டு வீட்டாரின் கடமை. நிச்சயத்துக்கு முன்பே, எந்த வகை விசா என்று மாப்பிள்ளையிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாக்காரரின் துணைக்கு எச்-4 விசா. அதில் வேலை செய்ய உரிமை கிடையாது. பெரும்பாலும், எச்-1பி காரருக்கு கிரீன் கார்டு வழியில் ஐ-140 என்ற மனு அனுமதியாகியிருந்தால்தான், துணை வேலை அனுமதி அட்டைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். 2015 முதல் இந்த ஏற்பாடு. அட்டை இல்லாமல் அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தியக் கம்பெனிக்கு வேலை பார்ப்பதைக் குடியேற்ற வழக்கறிஞர்கள் பெரும்பாலும் வேண்டாம் என்கிறார்கள். பின்னால் கிரீன் கார்டு நேரத்தில் இது கேள்வியாக எழும். எல்-1, அதாவது கம்பெனியே தன் அமெரிக்கக் கிளைக்கு மாற்றி அனுப்பும் விசாக்காரரின் துணைக்கு இந்தத் தொல்லை இல்லை, 2021 நவம்பர் முதல் துணைக்குரிய எல்-2 அந்தஸ்தோடே வேலை உரிமையும் வந்துவிடுகிறது. ஒரே கம்பெனியில் எச்-1பி, எல்-1 இரண்டுக்கும் வாய்ப்பிருந்தால் வீட்டில் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

சிங்கப்பூரில் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர், அங்குள்ள கம்பெனியில் சேர வேண்டுமானால் 2021 மே 1 முதல் தனக்கென்று ஒர்க் பாஸ் வாங்க வேண்டும். முன்பிருந்த சம்மதக் கடிதம் போதாது. பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாக்காரரின் துணைக்கு வேலை உரிமை உண்டு. ஜெர்மனியிலும் அப்படியே.

படி 5: காகிதங்கள்

பாஸ்போர்ட்டைத்தான் முதலில் எடுத்துப் பாருங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஒரு வருஷ விசா என்றால் அதற்கும் மேலே. புதுப்பிக்க காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்க்காரர்கள் சிவகங்கை மாவட்டம், மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். பொன்னமராவதிப் பக்கத்து ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டம், அவர்களுக்குத் திருச்சி. விலாசமும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். நம் வீடுகளில் முன்னெழுத்துப் பிரச்சினை பெரிது. பள்ளிச் சான்றில் ஒன்று, பேன் கார்டில் அப்பாவின் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் ஊர்ப் பெயரும் சேர்ந்து ஒன்று. இதைச் சரிசெய்யவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், ஆகவே இன்றே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

போலீஸ் நற்சான்றிதழ், அதாவது பிசிசி, பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பட்டச் சான்றைக் கேட்கும் நாடுகளுக்கு முத்திரை வேண்டும். அப்போஸ்டில், அதாவது பல நாடுகள் ஒப்பந்தப்படி ஏற்கும் பொது முத்திரை, செல்லும் நாடு என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையோடு முடிந்தது. மற்ற நாடுகளுக்கு அதன்மேல் அந்தத் தூதரகத்தின் அட்டெஸ்டேஷனும் தேவை. இதோடு கடைசிச் சில மாத சம்பள ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட், வேலை ஒப்பந்தம், படி 2-இல் வாங்கிய கடிதம், மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று. அந்தக் காலத்தில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் போய் இறங்கினால் நம் ஆட்கள் தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கிதான் விலாசம். இப்போது சொந்தக்காரர் வீடு என்றால் அவரிடம் கையெழுத்திட்ட கடிதமும் அவர் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் திடீரென்று பெரிய தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டாதீர்கள். மாமாவிடம் வாங்கிப் போட்டது என்று ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

படி 6: நாள் கணக்கு

விசா கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது வழக்கம். பணம் கைவிட்டுப் போவது இந்தப் படியில்தான்.

இந்திய வருமான வரிக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எத்தனை நாள் இங்கே இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. 182 நாள் தொட்டால் நீங்கள் உள்நாட்டுவாசி (ரெசிடென்ட்), உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். இதைவிடக் கடுமையான இன்னொரு விதியும் உண்டு. ஒரு வருஷத்தில் 60 நாள், அதற்கு முந்தைய நான்கு வருஷத்தில் 365 நாள் இருந்திருந்தாலும் உள்நாட்டுவாசிதான். வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியருக்கு, கிளம்புகிற வருஷம் இந்த 60 நாள் 182 ஆகும். டூரிஸ்ட் விசாவில் கிளம்பிவிட்டு இந்தச் சலுகையைக் கேட்பது சிரமம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் செப்டம்பர் 10 கிளம்புகிறார். ஏப்ரல் முதல் அன்று வரை 163 நாள். 182-க்கு இன்னும் 19 நாள் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார். டிசம்பரில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள வந்து, பொங்கலும் முடிந்து போகலாமே என்று 22 நாள் தங்குகிறார். மொத்தம் 185. அந்த வருஷம் முழுக்க அவர் உள்நாட்டுவாசி. நோன்புக்கு வராதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆகஸ்டிலேயே கிளம்பியிருந்தால் நோன்பும் பொங்கலும் இரண்டும் கிடைத்திருக்கும். டிக்கெட் போடும் முன் நாட்காட்டியை எடுங்கள். வந்த நாளையும் போன நாளையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணுங்கள்.

அந்தப் பக்கத்து நாட்டுக் கணக்கு தனி. மலேசியாவில் 182 நாள் இருந்தால் அங்கே வரிக்கு உள்நாட்டுவாசி, படிப்படியான விகிதம். அதற்குக் குறைந்தால் வெளியாள், சீராக 30 சதவீதம். வேலை அங்கே உட்கார்ந்து செய்தது என்பதால், சம்பளம் பெங்களூரிலிருந்து வந்தாலும் அது அங்கே விளைந்த வருமானம். 60 நாளுக்குள் என்றால் விலக்கு உண்டு. அதாவது ஐந்து மாதம் தங்குவதைவிட ஏழு மாதம் தங்குவது வரியில் இலகுவாக முடியலாம். தாய்லாந்தில் ஒரு காலண்டர் வருஷத்தில் 180 நாள் ஆனால் அங்கே வரிக்கு உள்நாட்டுவாசி. 2024 ஜனவரி 1 முதல், வெளியில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கு வரி.

அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. ஆனால் இந்தியாவில் வீட்டு வாடகை, வட்டி, பங்கு என்று ஆண்டுக்கு 15 லட்சத்துக்கு மேல் வருகிற இந்தியக் குடிமகன் வேறெங்கும் வரி கட்டக் கடமைப்படாதவர் என்றால், ஒரு நாள்கூட இங்கே இல்லாவிட்டாலும் உள்நாட்டுவாசியாகக் கருதும் விதி இருக்கிறது. காரைக்குடியில் நாலு கடையும் சென்னையில் இரண்டு பிளாட்டும் வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் இதை ஆடிட்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இரண்டு பக்கமும் வரி விழுந்தால், இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி ஒரு பக்கம் கட்டியதை இன்னொரு பக்கம் கழிக்கலாம். அதற்கு அந்த நாட்டில் வரிக்கு உள்நாட்டுவாசி என்ற சான்றும் கட்டிய ரசீதும் வேண்டும். ஊர் திரும்பிய பிறகு அவற்றை வாங்குவது பெரும்பாடு. அங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

படி 7: வங்கி, பிஎஃப்

நீண்ட நாள் தங்கும் எண்ணத்தோடு வெளிநாடு போனால் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டம் சொல்வது அது. வெளியில் சம்பாதித்ததை இங்கே கொண்டுவர என்ஆர்இ கணக்கு. ஒன்று நினைவிருக்கட்டும்: நீங்கள் வரிக்கு வெளிவாசி (நான்-ரெசிடென்ட்) ஆன பிறகும், சம்பளம் முதன்முதலில் இந்தியக் கணக்கில் வந்து விழுந்தால் இந்தியாவில் பெற்ற வருமானம் என்று இங்கே வரிக்குள் வரும். பிஎஃப் பிடிக்கும் கம்பெனி, ஜெர்மனி, போர்ச்சுகல் போல நம்மோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டுக்கு அனுப்பினால், பிஎஃப் அலுவலகத்தில், இங்கேயே பிஎஃப் கட்டுகிறார் என்ற கவரேஜ் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் அங்கே இன்னொரு முறை பிடிக்க மாட்டார்கள். கம்பெனி வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும்.

படி 8: கவுண்டரில்

அதிகாரி கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்வி. எதற்கு வந்தாய், எத்தனை நாள்? விசாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே சொல்லுங்கள். ரிமோட் பாஸ் இருந்தால் பாஸின் பெயரைச் சொல்லி அனுமதிக் கடிதத்தை நீட்டுங்கள். வேலை பார்க்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே சும்மா சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லாதீர்கள். அங்கே சொன்ன ஒரு பொய் பதிவாகிவிட்டால் அடுத்த பத்து விசாவுக்கும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். காகிதங்கள் போனில் மட்டும் போதாது, சார்ஜ் போய்விடும். ஒரு பிளாஸ்டிக் உறையில் அச்செடுத்து, செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். மலேசியாவுக்கு என்றால் டிஜிட்டல் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பியிருக்க வேண்டும்.

உள்ளே போனதும் பாஸ் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் போனில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். நீட்டிப்புக்குப் புதிதாக எழுதிய கம்பெனி கடிதம், புது ஸ்டேட்மென்ட், புதுக் காப்பீடு எல்லாம் மறுபடி கேட்பார்கள். அந்தக் கடிதத்துக்கு எச்.ஆருக்கு முதல் மெயில் போட வேண்டியது அன்றைக்குத்தான்.